எங்கிருந்தாலும் உடனே வரவும்

ஏப்ரல் 7

இந்த டைரி கடையில் கொடுத்தது. வேலையை எடுத்துக்கொண்டு டைரியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடையின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. அதைப் பேனாவால் நன்றாக அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதுவதைவிட அடிப்பது சுகமாக இருக்கிறது.

என் வேலை, மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மைக்கில் பேசுவது. "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, மூன்றாவது தளத்தில் முகூர்த்தப் பட்டு" என்று ஒரு குரல் வருமே, அது நான்தான். பதினெட்டு வருஷம். போன மாதம் என்னை ஏசி அறையில் உட்கார வைத்து, டீயும் முந்திரி பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, ஒரு வருஷத்துக்குத் தேவையான அத்தனையையும் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். நானும் மடச்சி மாதிரி ரசித்து ரசித்துப் பேசினேன். முடிந்ததும், "இனிமே நீங்க செரமப்பட வேணாம்மா" என்றார்கள்.

என் வேலையைப் பறித்துக்கொண்டது நானே. நான் யாரைப் போய்த் திட்டுவது?

ஏப்ரல் 8

காலையில் குளித்து, சேலை கட்டி, டிபன் பாக்ஸ் எடுத்து, பஸ் ஏறி, கடை வாசலில் இறங்கிய பிறகுதான் வேலை இல்லை என்பதே நினைவுக்கு வந்தது. உள்ளேயிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். தெளிவாகத்தான் பேசினேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எதிர்ப்பக்கத்து நிழலில் நின்று தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பினேன். மதினியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஏப்ரல் 11

பெங்களூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, சும்மாதான இருக்க? இங்க வந்து பிள்ளையப் பாத்துக்கயேன். இவளும் ஆபீஸ் போகணும்ல" என்றான். மே 20ஆம் தேதிக்கு ரயில் டிக்கெட்டும் போட்டுவிட்டானாம். என்னைக் கேட்டுவிட்டுப் போட்டானா, போட்டுவிட்டுக் கேட்டானா என்று இப்போது வரைக்கும் விளங்கவில்லை.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, வேலையும் இல்லை. சும்மா என்று அவன் சொன்னதுதான் சுருக்கென்றது. அழுதேன். அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டு. ஆத்தாடி, என்ன நாள்!

மதினி விடவில்லை. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்லயே கெடந்தா பாக்குற எனக்கும் மூஞ்சி அப்படியே ஆயிரும். கெளம்பு மங்கை" என்று ஆற்றங்கரைத் திடலில் போட்டிருக்கும் பொருட்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், ஜனமான ஜனம். ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் மதினியைக் காணோம். போனை வேறு வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டு வந்தேன் என்று அண்ணனிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

'அறிவிப்பு நிலையம்' என்று போர்டு மாட்டிய தகரக் கொட்டகைக்கு ஓடினேன். உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளில் எல்லாம் 'சோலைமலை சவுண்ட் சர்வீஸ், மதுரை' என்று சிவப்புப் பெயின்ட். நடுவில் ஒருவர் ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தார். அவர்தான் மைக்செட்காரர். பேசுகிற பையன் முந்தாநாளே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம்.

"நமக்குப் பேச்செல்லாம் வராதுங்க. ஹலோ மைக் டெஸ்டிங்கோட சரி" என்றார். "நீங்களே சொல்லிருங்களேன்."

வாயைத் திறந்தேன். பதினெட்டு வருஷப் பழக்கம் தடதடவென்று வந்து விழுந்தது. "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! செல்லூரைச் சேர்ந்த திருமதி பஞ்சவர்ணம் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே மூன்றாவது தளத்துக்கு வரவும்!"

மண் தரையில் ஏது மூன்றாவது தளம்? திடலே அண்ணாந்து பார்த்தது. ராட்டினத்தில் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். மைக்செட்காரர் ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

மதினி கையில் மிளகாய் பஜ்ஜியோடு மெதுவாக வந்தாள். "தின்னுட்டு வருவோம்னு பாத்தா, அதுக்குள்ள ஊருக்கே எம்பேரச் சொல்லிட்டியேடி!" என்றாள். திட்டுகிற மாதிரிதான் பேசினாள், முகமெல்லாம் பெருமை. பின்னாலேயே பொருட்காட்சி மேனேஜர் ஹபீப் பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாரும்மா பேசுனது? யாரு? நாளைல இருந்து வந்துர்றீங்களா?"

பெங்களூர் போகிற வரைக்கும் பொழுது போகும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று ஆறு தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மைக்செட்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஏப்ரல் 19

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, எழுத முடியவில்லை. இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும்.

நேற்று சாயங்காலம் ஒரு பெரியம்மா வந்தார். புருஷனைக் காணோமாம். பேர் என்ன என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா எவ்வாயால சொல்லுவேன்? நல்லாருப்பியா நீயி?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொன்னாத்தானேம்மா கூப்பிட முடியும்?"

"நம்ம மீனாச்சி புருசன் பேருதேன்."

மதுரையில் வந்து இப்படி ஒரு துப்புக் கொடுத்தால் நான் என்ன செய்ய? பாதி ஊருக்கு அந்தப் பேர்தான். ஒன்றையும் விடக்கூடாது என்று எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன். சொக்கலிங்கம், சொக்கநாதன், சுந்தரேசன், சோமசுந்தரம், சுந்தரம், எங்கிருந்தாலும் உடனே வரவும். வந்தார்கள். வேட்டி, பேண்ட், கைலி, ஊன்றுகோல் என்று கொட்டகை வாசலில் ஒரு பெரிய வரிசையே நின்றது. பெரியம்மா வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல ஒண்ணுகூட எங்க வீட்டுது இல்லையே!"

அந்தப் புருஷன்காரர் கொட்டகைக்குப் பின்னாலேயே நின்று டெல்லி அப்பளம் தின்றுகொண்டிருந்தார். "சொக்கையான்னு யாரும் கூப்பிடலையே, நான் எதுக்கு வரணும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பெரியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தச் சொக்கர்கள் எல்லாம் தங்களுக்குள் பேசிப் பழகி, சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள்.

மைக்செட்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே எனக்கு ஒரு டீ வாங்கிவந்து வைத்தார். சர்க்கரை கம்மி. நான் சர்க்கரை கம்மியாகக் குடிப்பேன் என்று யார் சொன்னார்களோ.

வீட்டில் மதினியிடம் சொன்னேன், "புருஷன் பேரைச் சொன்னா வாய் வெந்தா போயிரும்? நானா இருந்தா மைக்குலயே சொல்லுவேன்."

"சொல்லுவ, சொல்லுவ" என்றாள் மதினி.

ஏப்ரல் 20

பச்சைச் சேலை கட்டினேன். சும்மாதான்.

ஏப்ரல் 26

கூட்டம். தொலைந்துபோன பிள்ளைகள் நான்கு, பர்ஸ் ஒன்று, ஒற்றைச் செருப்பு, ஒரு செட் பல். பல்லுக்கு ஆள் வரவில்லை. வந்தாலும் எப்படி வாயைத் திறந்து கேட்பார் பாவம்.

ஹபீப் பாய் வந்து, "எதுக்கும்மா தினம் தொண்டை கிழியக் கத்துறீங்க? ஒரு தடவை பேசிப் பதிவு பண்ணிட்டா..." என்று ஆரம்பித்தார். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. மறுபடியும் அதே கதையா! நான் வாயைத் திறப்பதற்குள் மைக்செட்காரர் எழுந்தார்.

"பாய், நாளைக்கு எந்தப் பிள்ளை தொலையும்னு இன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சா பேரு எழுதிக் குடுங்க, பதிவு பண்ணிருவோம்."

ஹபீப் பாய் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ஆமாம்ல! பட்டுச் சேலைதான் வருஷா வருஷம் மூன்றாவது தளத்தில் இருக்கும். தொலைவது அப்படியா? தினமும் புதுப் பேர், புதுச் சட்டை, புது அழுகை. அதற்கு உயிரோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால்தான் ஆகும். இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

பேச வராது என்று சொன்ன மனுஷன் எவ்வளவு பேசுகிறார்!

மே 2

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடிவிட்டேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தை, மஞ்சள் கவுன், கையில் பஞ்சுமிட்டாய். யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அழவே இல்லை. உன் பேரு என்ன என்றால் "பாப்பா". அம்மா பேரு என்ன என்றால் "அம்மா". அப்பா பேரு என்ன கண்ணு?

"ஏங்க."

"அப்பா பேருடா."

"ஏங்க!" என்று காலை உதைத்தது. நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அதற்குக் கோபம்.

மஞ்சள் கவுன், பஞ்சுமிட்டாய் என்று முறைப்படி மூன்று தடவை அறிவித்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ராட்டினச் சத்தத்தில் என் 'அன்பார்ந்த' எல்லாம் காற்றோடு போனது. குழந்தைக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. என்ன தோன்றியதோ, மைக்கைக் கிட்டத்தில் இழுத்து, கடைக்குரலை விட்டுவிட்டு, அடுப்படியிலிருந்து மதினி அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"ஏங்க... ஏங்க! எங்க போனீங்க? பாப்பா இங்க தனியா நிக்கிறா, வாங்க!"

திடலில் இருந்த கல்யாணமான ஆம்பளைகள் அத்தனை பேரும் டக்கென்று நின்றுவிட்டார்கள்! பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். பொண்டாட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒருத்தர் "இந்தா வந்துட்டேன்" என்று கத்தினாராம். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆள் விழுந்தடித்து ஓடிவந்தார். "ஏங்க!" என்று குழந்தை அவர் மேல் தாவியது. அவர் அழுதார், பின்னால் வந்த அவர் மனைவி அழுதார், நானும் அழுதேன். என் குரலை நானே இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்ட மாதிரி இருந்தது. கடைக்குக் கொடுத்தது இது இல்லை. இது என்னிடமேதான் இருந்திருக்கிறது.

இன்னொன்று. நான் முதல் 'ஏங்க' சொன்னபோது மைக்செட்காரர் மேஜைக்கு அடியில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்று எழுந்தார். மேஜையில் நங்கென்று தலை இடித்தது.

அப்புறம் ராத்திரி கேட் மூடுகிற வரைக்கும் அவர் ஒயரையே பார்த்தார், நான் மைக்கையே பார்த்தேன். எனக்குக் கிறுகிறுவென்று வந்தது. சித்திரை வெயில்.

மே 3

அவர் நெற்றியில் புடைத்திருக்கிறது. தைலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயில் ஜாஸ்தி என்று மதினியிடம் சொன்னேன். "சாயங்காலம் ஆறு மணிக்குமாடி ஒனக்கு வெயிலடிக்குது?" என்று கேட்கிறாள்.

மே 8

மதினிக்கு ஜாக்கெட் துணி வேண்டும் என்று கடைக்குப் போனோம். என் பழைய கடைக்கேதான். வாசலில் கால் கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்லக்கூடாது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே என் குரல், "வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் எங்கள் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்!"

மே மாதத்தில் பொங்கல்! எந்தப் பட்டனை யார் அமுக்கினார்களோ. விற்பனைப் பெண்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மதினி என்னைப் பார்த்தாள். நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாவம் அவள், அந்த மேலே இருக்கிறவள், இன்னும் பொங்கலிலேயே நிற்கிறாள். நான் சாயங்காலம் வேலைக்குப் போகவேண்டும்.

மே 12

மைக்செட்காரரின் மகள் வந்திருந்தாள். பெயர் யாழினி, நர்சிங் படிக்கிறாள். அம்மா தவறி ஆறு வருஷமாகிறதாம். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் அறிவிப்பதைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அப்புறம் என்னை ராட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேலே போனதும் நான் அலறிய அலறல் மைக் இல்லாமலேயே திடல் முழுக்கக் கேட்டதாம்.

"எங்கப்பா இப்பல்லாம் தலை சீவுறாரு ஆன்ட்டி" என்றாள், உச்சியில் நிற்கும்போது. இறங்க முடியாத இடத்தில் வைத்துச் சொல்கிறாள் பார்.

கீழே வந்தால் ஹபீப் பாய் நிற்கிறார். அடுத்து திண்டுக்கல்லில் பொருட்காட்சி, மே 20 தொடக்கம், பிறகு தேனி. "நீங்க இல்லாம அறிவிப்பு நிலையம் போடுறதா இல்லம்மா. வருசம் பூரா வேலை இருக்கு. வாரீங்களா?"

மே 20. அன்றைக்குத்தானே பெங்களூர் ரயில்.

மே 13

சோறு இறங்கவில்லை. தம்பி பிள்ளை நல்ல பிள்ளை. போட்டோவில் என்னைப் போலவே மூக்கு. ஆனால் அங்கே போய் நான் யாரை, எங்கிருந்தாலும் வரச் சொல்வேன்?

மே 14

சொல்லிவிட்டேன்!

தம்பிக்குப் போன் போட்டேன். மைக்கில் பேசுவதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பேசினேன். "தம்பி, நான் வரல. எனக்கு வேலை இருக்கு. தீபாவளிக்கு வந்து பிள்ளையப் பாக்குறேன்."

"வேலையா? என்னக்கா வேலை?"

"தொலைஞ்சவங்களக் கண்டுபிடிக்கிற வேலை."

"போலீஸ்லயா சேந்திருக்க?" என்றான். விளக்கிச் சொன்னேன். வருத்தம்தான் அவனுக்கு, இருந்தாலும் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவதாகச் சொன்னான். போனை வைத்ததும் மதினியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். அவள் கையிலிருந்த சாம்பார் கரண்டி சுவரெல்லாம் கோலம் போட்டுவிட்டது. இரண்டு பேருமாகத் துடைத்தோம்.

எங்கே போவது என்று தெரியாமல் கடைக்கு எதிரே தயிர்சாதம் தின்றவள் நான்தானா? நம்பவே முடியவில்லை.

மே 18

நேற்று கடைசி நாள். கை ஓடவில்லை, பேனாவும் ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணி. கேட் இன்னும் திறக்கவில்லை. கடைக்காரர்கள் மட்டும்தான் திடலில். மைக்செட்காரர் வழக்கம்போல "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"திண்டுக்கல்லுக்கு வாரீங்கள்ல?"

"அதான் வாரேன்னு சொல்லிட்டேனே."

"அங்க முடிஞ்சா தேனி."

"சரி."

"தேனி முடிஞ்சதும் அப்படியே நம்ம வீட்டுக்கு வந்துருங்களேன்."

"உங்க வீட்ல என்ன ரிப்பேரு?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். எனக்கே என்னை அறையலாம் போல் இருக்கிறது.

"ரிப்பேரு ஒண்ணும் இல்ல. ஆளுதான் இல்ல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை திடலின் நான்கு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. இல்ல, இல்ல, இல்ல! மைக் ஆனில் இருக்கிறது! ராட்டினக்காரர் மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார். மரணக் கிணற்றுப் பையன்கள் பைக்கை உறுமவிட்டார்கள். பஜ்ஜிக் கடையிலிருந்து ஒரு குரல், "ஏம்மா, சரின்னு சொல்லித் தொலைம்மா, எண்ணெய் காயுது!"

எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி, தெரிந்த ஒரே பாஷையில் சொன்னேன்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது."

ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டதாக அவர் சத்தியம் செய்கிறார். இருபத்தைந்து வருஷமாக மைக் செட் போடுகிறவருக்கு ஸ்விட்ச் மறக்குமா என்று மதினி கேட்கிறாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 19

நாளைக் காலை திண்டுக்கல் பஸ். பெட்டி கட்டியாயிற்று, பச்சைச் சேலை மேலாக இருக்கிறது.

அண்ணனிடம் இன்றைக்குத்தான் சொல்ல முடிந்தது. மதினி பாதி சொன்னாள், மீதியை நான் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அண்ணன் முழுவதையும் பேப்பருக்கு மேலாகப் பார்த்தபடி கேட்டார். ஒரு வழியாக, "நல்ல மனுசனா?" என்றார்.

"ம்."

"சந்தோசமா இருக்கியா?"

அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டு எத்தனை வருஷமிருக்கும்? கண் நிறைந்துவிட்டது. "இருக்கேண்ணே" என்றேன்.

"மாப்பிள்ளை பேரென்ன?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. இன்னொரு தடவை திறந்தேன். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. இது என்ன கூத்து! இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தால் இதிலும் மைக்செட்காரர், மைக்செட்காரர் என்றே இருக்கிறது. முதல் நாள் பெட்டியில் கண்டதை எழுதியதோடு சரி.

"அழகர்கோயில்ல இருந்து மேல ஏறுனா என்னண்ணே வரும்?" என்றேன்.

அண்ணன் யோசித்தார். "கொரங்கு வரும்."

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சுப் பிடித்துக்கொண்டது அவளுக்கு.

"கொரங்கு இல்லண்ணே! அந்தக் கொரங்கெல்லாம் எங்கன இருக்கு?"

"மலைல."

"அது என்ன மலை?"

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "சோலைமலையா?"

தலையை மட்டும் ஆட்டினேன். காலை ஒன்பது மணிக்கே என்ன வெயில்!

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மைக்குலயே சொல்லுவேன்னியேடி, கொண்டாரச் சொல்லவா மைக்க?"

நான் அரிசி களையப் போய்விட்டேன்.